துப்பாக்கிக்காரன் யார் பக்கம்

ஆரணியில் எங்கள் வீட்டில் தறியும் டிவியும் ஒரே அறையில் இருந்தன. சாயங்காலம் வெளிச்சம் மங்கினால் பட்டு இழை கண்ணுக்குச் சிக்காது. அப்பா தறிக்குழியிலிருந்து எழுந்து டீக்கடைக்குக் கிளம்புவார். அவர் செருப்பு மாட்டுகிற சத்தம் கேட்டதும் அக்கா டிவியைப் போடுவாள். ஜப்பான்காரர்கள் வரைந்த கார்ட்டூன் தொடர் ஒன்று அந்த நேரத்தில் தமிழ் பேசிக்கொண்டு வரும். இரண்டாயிரத்து நாலு, ஐந்து வாக்கில் நடந்தது இது. எனக்கு அப்போது பதினெட்டு வயது, அக்காவுக்கு என்னைவிட ஐந்து வயது கூட. கல்யாணத்துக்கு நிற்கிற இரண்டு பெண்கள் பொம்மைப்படம் பார்த்தால் எந்த அம்மா சும்மா இருப்பாள்? "பொண்ணு பாக்க வர்றவன்கிட்ட இதச் சொல்லிடட்டுமா?" என்று அடுப்படியிலிருந்து குரல் வரும். வந்துகொண்டே இருக்கும், நாங்களும் பார்த்துக்கொண்டே இருப்போம்.

கதை சுலபம். அப்பா அம்மா இல்லாத மூன்று பிள்ளைகள், பொட்டல்காட்டில் நடந்து போகிறார்கள். அவர்கள் ஊரை எரித்த நகரத்துத் தலைவன், அவர்களைப் பின்தொடரச் சொல்லி ஒரு துப்பாக்கிக்காரனை அனுப்பியிருக்கிறான். அவன் பகலெல்லாம் பிள்ளைகளுக்குத் துணையாக நடப்பான், ஓநாய் வந்தால் சுடுவான், தன் தண்ணீரைக் கொடுப்பான். பொழுது சாய்ந்தால் ஒரு மேட்டில் ஏறி நின்று தலைவனுக்குத் தகவலும் சொல்லிவிடுவான். கொன்ற ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு நூலைத் துப்பாக்கியின் பிடியில் சுற்றி வைத்திருப்பான். அம்மா ஒருநாள் கடந்து போகும்போது அதைப் பார்த்துவிட்டு, "சாயம் நல்லா ஏறியிருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனாள். டப்பிங் செய்தவர்கள் என்ன நினைத்தார்களோ, வில்லன்களுக்கெல்லாம் சுத்தத் தமிழ் கொடுத்துவிட்டு இவனுக்கு மட்டும் மெட்ராஸ் பாஷை கொடுத்திருந்தார்கள். ஆள் செத்துக் கிடக்கும்போது இவன் "இன்னாபா, சொன்னா கேக்கமாட்டியா" என்பான். சிரிப்பும் வரும், பயமும் வரும்.

அக்கா அவன் பிள்ளைகள் பக்கம்தான் என்று அடித்துச் சொல்வாள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். எவன் சோறு போடுகிறானோ அவன் பக்கம்தான் கடைசியில் சாய்வான் என்பேன். எனக்குச் சின்ன வயதிலிருந்தே மனிதர்களைப் பற்றி நல்ல அபிப்பிராயம் கிடையாது.

எங்களோடு மூன்றாவதாக ஒருவர் வந்து உட்காருவார். எங்கள் தெருவின் தண்டல்காரர். தண்டல் என்றால் கோவில் வரி வாங்குவது, நாட்டாண்மைக்காரர் சொன்னதை வீடு வீடாகப் போய்ச் சொல்வது, கூட்டம் கூட்டுவது, கட்டுப்படாதவனைக் கையைப் பிடித்து இழுத்து வருவது எல்லாம்தான். வேலைக்கு அடையாளமாக ஒரு மூங்கில் கம்பு உண்டு, பூண் போட்டது. அதை எங்கள் வாசலில் சாத்திவிட்டு உள்ளே வந்து கார்ட்டூன் பார்ப்பார். முப்பது வயதுகூட ஆகாதவர். தூரத்து உறவில் எங்களுக்கு அண்ணன் முறை. அவர் வீட்டில் டிவி கிடையாது, நாட்டாண்மைக்காரர் வீட்டில் சீரியல் ஓடும்.

"நீயே சொல்லுண்ணா, அவன் யார் ஆளு?" என்று அக்கா ஒருநாள் கேட்டாள்.

"அது அவனுக்கே தெரியாதும்மா. தெரிஞ்சா ஏன் இப்படி நடந்துகினே இருக்கான்" என்றார்.

அந்த வருடம் அறுப்புக் காலத்தில் அக்கா வீட்டை விட்டுப் போனாள். சேத்துப்பட்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுக்கிற வாத்தியாரோடு. அவர் கிறிஸ்தவர். போளூரில் பதிவுத் திருமணம், பிறகு சேத்துப்பட்டில் மாதா கோவிலில் ஒரு பூசை. எங்களுக்குத் தெரிந்தபோது எல்லாம் முடிந்திருந்தது, எந்த வீட்டில் குடியிருக்கிறாள் என்பது மட்டும் யாருக்கும் தெரியவில்லை. அப்பா அன்று முழுக்க தறியில் உட்கார்ந்து நெய்தார். அம்மா அழுதாள். எனக்கு என்னிடம் சொல்லாமல் போய்விட்டாளே என்றுதான் கோபம். அதற்கு மேல் பெரிய துக்கம் ஒன்றும் இல்லை, அவள் நல்ல ஆளைத்தான் பிடித்திருந்தாள்.

இரண்டு நாள் கழித்து சாயங்காலம் கார்ட்டூன் நேரத்துக்குச் சரியாகத் தண்டல் அண்ணன் வந்தார். அன்று கம்பை வாசலில் சாத்தவில்லை, கையில் பிடித்திருந்தார். நிலைப்படியைத் தாண்டவில்லை. அப்பாவின் முகத்தைப் பார்க்காமல், எதிர்வீட்டுக்கும் கேட்கிற குரலில் சொன்னார்.

"நாட்டாண்மை சொல்லி வந்திருக்கேன். இன்னிலேர்ந்து இந்த வீட்டோட யாரும் கொடுக்கல் வாங்கல் வெச்சிக்கக் கூடாது. நல்லது கெட்டதுக்கு வரக் கூடாது, போகக் கூடாது. பாவு பிடிக்க யாரும் வரக் கூடாது."

உள்ளே டிவியில் அந்தத் தொடரின் ஆரம்பப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அவர் கண் ஒரு நொடி அந்தப் பக்கம் போய் வந்தது. நான் எழுந்து டிவியை அணைத்தேன். அவர் கம்பை ஊன்றிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.

வெளியூர்க்காரர்களுக்கு அந்த மூன்று கட்டளையில் முதல் இரண்டும்தான் பெரிதாகத் தெரியும். நெசவுக்காரர்களுக்கு மூன்றாவதுதான் கழுத்தில் விழுகிற கத்தி. பட்டுப் பாவை, அதாவது புடவையில் நீளவாக்கில் ஓடுகிற இழைகளை, தறியில் ஏற்றுவதற்கு முன் தெருவில் நீளமாக இழுத்து நீட்டி, கஞ்சி தடவி, அறுந்த இழையை முடிந்து, கலையாமல் சுருட்ட வேண்டும். இந்த முனையில் நாலு பேர், அந்த முனையில் நாலு பேர், நடுவில் கைபார்க்க ஒன்றிரண்டு பேர். வெயில் ஏறுவதற்குள் முடிய வேண்டும். யாராவது ஒருவர் தளர்த்தினால் இழையெல்லாம் பின்னிக்கொள்ளும், அவ்வளவு பட்டும் பாழ். இதற்குக் கூலி கிடையாது. உன் பாவுக்கு நான், என் பாவுக்கு நீ. வேலை முடிந்ததும் வீட்டுக்காரர்கள் டீ கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். தெருவே வர மறுத்துவிட்டால் எத்தனை நல்ல நெசவாளியும் வெறும் தறிக்குழியில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

தறியில் இருந்த பாவு தீர்கிறவரை அப்பா நெய்தார். தீர்ந்த பிறகும் காலையில் எழுந்து குளித்துத் தறியில் போய் உட்காருவார். அவரை அப்படிப் பார்க்க எனக்கு ஆத்திரமாக வரும். எதிர்வீட்டுக்காரர்கள் தங்கள் பாவை எங்கள் வாசல் வரை இழுத்துக் கட்டினார்கள். வாழ்நாள் முழுக்க அந்தப் பாவைப் பிடித்த மனிதர் உள்ளே இருக்கிறார், ஒருவனும் திரும்பிப் பார்க்கவில்லை. விடுதலைக்கு ஒரு வழியும் சொல்லி அனுப்பியிருந்தார் நாட்டாண்மைக்காரர். அக்கா செத்துவிட்டாள் என்று அப்பா தலை முழுகி, ஐயரை வைத்துக் கருமாதி செய்துவிட வேண்டும். அம்மா அதைக் கேட்டுவிட்டு, "உயிரோட இருக்கிறவளுக்கு எள்ளு தண்ணி விட்டா எனக்கும் சேத்து விட்டுடுங்க" என்றாள். அதோடு அந்தப் பேச்சு எங்கள் வீட்டில் நின்றது.

ஒரு விடியற்காலையில் கொல்லைப்பக்கக் கதவைத் தட்டி அண்ணன் நின்றார். கம்பு இல்லை.

"பாவ எடுத்துகினு ஆத்தங்கரைத் தோப்புக்கு வந்துடுங்க சித்தப்பா. ஆளு வெச்சிருக்கேன்" என்றார்.

நாங்கள் போனோம். போளூர் பக்கத்திலிருந்து பாவு வேலை தெரிந்த ஆட்களைக் கூட்டி வந்திருந்தார். அவர்களுக்கு நாங்கள் யார் என்று தெரியாது, கேட்கவும் இல்லை. மாமரத்துக்கும் மாமரத்துக்கும் நடுவில் பாவு நீண்டது. அண்ணன் ஒரு முனையில் நின்று பிடித்தார். அவர் பிடித்தால் பாவு தொய்யாது, அது தெருவில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். நான் வீட்டிலிருந்து தூக்கில் கொண்டு போன டீயை ஊற்றிக் கொடுத்தேன்.

அப்பா அவரைக் கேட்டார், "ஏம்பா, உனக்கு எதுக்கு இந்த பேஜாரு?"

"எங்கப்பா செத்தப்ப நாட்டாண்மைதான் என்னத் தூக்கி வளத்தாரு சித்தப்பா. அவரு சொன்னதச் செய்யாம இருக்க முடியாது. அவரு சொல்லாதத செய்யக்கூடாதுன்னு யாரும் சொல்லலியே."

அந்த நியாயம் எனக்குப் புரிந்தது, பிடிக்கவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை கோவிலில் அம்மா தேங்காய் பழத் தட்டை நீட்டினாள். அத்தனை பேருக்கு முன்னால் அண்ணன் அந்தத் தட்டைத் தன் கம்பால் வெளியே தள்ளினார். பழம் உருண்டு சாக்கடை ஓரம் போனது. அம்மா அதைப் பொறுக்கி எடுத்துத் துடைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். மறுமாதம் பாவுக்கு அதே ஆள் அதே தோப்பில் நின்றார். கோவிலில் தள்ளிய கை தோப்பில் பிடிக்கிறது, இதை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று அம்மா வழியெல்லாம் புலம்பினாள். நான் துப்பாக்கிக்காரனைப் பற்றி நினைத்துக்கொண்டு நடந்தேன். அக்கா பக்கத்தில் இருந்தால் "பாத்தியா, நான் சொன்னேன்ல" என்றிருப்பாள்.

அக்கா உண்டாகியிருக்கிறாள் என்ற செய்தியும் அவர் மூலமாகத்தான் வந்தது. அவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்டால், சேத்துப்பட்டுச் சந்தையில் பார்த்ததாகச் சொன்னார். அவள் இருக்கும் வீடும் அவருக்குத் தெரியும் என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டோம். அம்மாவுக்குப் பயத்தைவிட ஆசை பெரிதாக இருந்தது. வளைகாப்புக்குப் போக முடியாது, வெறும் கையோடு விடுவதா, ஒரு புடவையாவது போகட்டும் என்று அப்பாவைப் பிடித்துக்கொண்டாள். அப்பா ஒரே பாவில் மூன்று புடவை நெய்துகொண்டிருந்தார், அதில் ஒன்றைத் தருவதாகச் சொன்னார். அம்மாவுக்கு அது போதவில்லை. அக்கா வயிற்றில் இருந்தபோது அம்மாவுக்கு நெய்த அதே பார்டர்தான் வேண்டும் என்றாள்.

அந்த பார்டரை அப்பா தானே வரைந்திருந்தார். மாங்காய்க்குள் ஒற்றைக் கிளி, கிளி தலையைத் திருப்பிப் பின்னால் பார்க்கும். தறிமேல் ஏற்றினால் அந்த உருவம் நெசவில் விழுகிற மாதிரி துளை போட்ட அட்டைகளைக் கட்டி பரணில் வைத்திருந்தார். கடைக்கு அதை நெய்ததில்லை. "அது வேணாம், சாதா பார்டர் போடறேன்" என்றார். அம்மா விடவில்லை. அட்டைகள் இறங்கின, தறிமேல் ஏறின, கிளி வந்தது. மயில்கழுத்து நிறத்தில் அப்படியொரு புடவையை நான் அதற்குப் பிறகு தொட்டதில்லை.

அண்ணன் அதைச் செய்தித்தாளில் சுற்றி, மேலே உரப்பையைப் போட்டு பஸ்ஸில் கொண்டு போனார். திரும்பி வந்து கொல்லைப்பக்கம் நின்று சொன்னார்.

"குடுத்துட்டேன் சித்தி. நல்லா இருக்கா. சோறு போட்டாங்க, சாப்டேன். வாத்தியாரு நல்ல மாதிரி. அங்கயும் அந்தக் கார்ட்டூன் பாக்கிறா." பிறகு என்னைப் பார்த்து, "அவன் நம்ம ஆளுதான்னு உன்கிட்ட சொல்லச் சொன்னா" என்றார்.

அந்த வாரம்தான் தொடரில் பெரிய கட்டம் வந்தது. கயிற்றுப் பாலம். ஒரு பக்கம் மூன்று பிள்ளைகள், மறுபக்கம் தலைவனும் அவன் ஆட்களும். தலைவன் கையை நீட்டி, பிள்ளைகளில் பெரிய பையனைச் சுடச் சொல்கிறான். பாலத்தின் நடுவில் நிற்கிற துப்பாக்கிக்காரன் மெதுவாகத் துப்பாக்கியைத் தூக்குகிறான். பையன் ஓடவில்லை, நின்று அவனையே பார்க்கிறான். விரல் அசைகிறது. தொடரும் என்று போட்டுவிட்டார்கள். திங்கட்கிழமை நான் அடுப்பைக்கூட அணைக்காமல் வந்து உட்கார்ந்தால் முதல் பாகத்திலிருந்து மறுபடி போடுகிறார்கள். எரிகிற ஊர், அழுகிற பிள்ளைகள். மிச்சத்தைத் தமிழில் பேசவே இல்லையாம், கேபிள்காரர் சொன்னார். அவரிடம் சண்டைக்குப் போய் என்ன ஆகப் போகிறது, ஆனாலும் போனேன்.

சேத்துப்பட்டு மாதா கோவில் திருவிழா வந்தது. மறுநாள் மதியம் எங்கள் தெருவிலிருந்து ஒரு வேன் கிளம்பியது. நாட்டாண்மைக்காரரின் மகன், இன்னும் நாலைந்து பேர், தண்டல் அண்ணன். எங்கே போகிறார்கள் என்று எங்களுக்கு யார் சொல்வார்கள்? இருட்டுவதற்குள் திரும்பி வந்துவிட்டார்கள். வேனிலிருந்து இறங்கிய அண்ணன் எங்கள் வாசலைப் பார்க்காமல் போனார். அப்போதே அம்மாவுக்கு ஏதோ தெரிந்துவிட்டது.

பக்கத்துத் தெரு மருந்துக்கடைக்கு போன் வந்த பிறகுதான் விவரம் தெரிந்தது. அக்கா வீட்டில் புகுந்து அந்த வாத்தியாரை, எங்கள் மாமாவை, வெளியே இழுத்துப் போட்டிருக்கிறார்கள். முழங்காலில் அடி. எலும்பு நொறுங்கிவிட்டது, வேலூர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறார்கள். அடித்தவர் தண்டல் அண்ணன். அவர் மட்டும்தான் அடித்தார், அந்தப் பூண் போட்ட கம்பால், நிறைமாதமாக இருந்த அக்காவின் கண்ணெதிரில். அடித்துவிட்டு "முடிஞ்சிச்சு, வண்டில ஏறுங்க" என்று மற்றவர்களை விரட்டினாராம்.

அம்மா மண்ணை வாரிக்கொண்டு போய் அவர் வீட்டு வாசலில் வீசினாள். "சோறு போட்டவன் காலை ஒடச்சியேடா பாவி. வீட்டைக் காட்டிக் குடுக்கத்தான் புடவைய எடுத்துகினு போனியா?" கதவு திறக்கவில்லை. எனக்கு அழுகை வரவில்லை. நான் சொன்னதுதான் சரியாகிவிட்டது, சோறு போட்டவன் பக்கம்தான் சாய்ந்தான். மாமா போட்டதும் சோறுதானே என்று நினைத்தபோது நெஞ்சு எரிந்தது.

மாமா போலீசில் புகார் கொடுக்கவில்லை. வண்டியிலிருந்து விழுந்ததாக ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்தார். மாமனாரும் மாமியாரும் அந்தத் தெருவிலேயே இருக்க வேண்டுமே, அவர்களை யார் காப்பாற்றுவது என்று கேட்டாராம். வேலூரிலேயே அக்காவுக்குப் பிரசவம் ஆனது, பெண் குழந்தை. மாமாவின் இடது முழங்கால் அதற்குப் பிறகு மடங்கவே இல்லை. பள்ளிக்கூடத்தில் ஒரு ஸ்டூல்மேல் காலை நீட்டி வைத்துக்கொண்டு பாடம் நடத்தினார். படியேறும்போது அவர் முகத்தை நான் பார்க்க மாட்டேன்.

தெரு மானம் காப்பாற்றப்பட்டுவிட்டதாம். நாட்டாண்மைக்காரர் எங்களை ஒதுக்கிவைத்த ஊர்க்கட்டுப்பாட்டை அவிழ்த்துவிட்டார். அதைச் சொல்லவும் அதே ஆள்தான் வர வேண்டும், வேறு யாருக்கு அந்த வேலை? நிலைப்படிக்கு வெளியே நின்று, அதே குரலில், இன்றிலிருந்து கொடுக்கல் வாங்கல் உண்டு, நல்லது கெட்டது உண்டு, பாவு பிடிக்க ஆள் உண்டு என்றார். நான் அவர் சொல்லி முடிப்பதற்குள் கதவைச் சாத்தினேன்.

அடுத்த பாவு தெருவில் நீண்டது. முகத்தைத் திருப்பிக்கொண்டு திரிந்தவர்களெல்லாம் ஒன்றும் நடக்காதது மாதிரி வந்து முனையைப் பிடித்தார்கள். அவரும் வந்தார். வராதே என்று சொல்ல முடியாது, பாவுக்கு வருகிறவனைத் திருப்பி அனுப்பினால் அந்த வீட்டுப் பாவுக்கு மறுபடி யாரும் வரமாட்டார்கள். டீ கொடுக்காமலும் இருக்க முடியாது. அம்மா உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். நான்தான் கொடுத்தேன். டம்ளரை வாங்கிக்கொண்டு அவர் மெதுவாகச் சொன்னார்.

"நான் மொதல்ல எறங்கலன்னா..."

நான் மிச்சத்தைக் கேட்க நிற்கவில்லை.

எங்கள் தெரு ஜவுளிக்கடைக்காரரின் மனைவி ஒருநாள் எங்கள் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார். கட்டு அவிழ்ந்த பிறகு எல்லோருக்கும் எங்கள் மேல் பாசம் பொங்கிக்கொண்டிருந்த நேரம். அப்பாவின் கைவேலையைப் புகழ்ந்துகொண்டே வந்தவர் சொன்னார்.

"சேத்துப்பட்டு திருவிழாவுல உங்க பொண்ணு தலையில முக்காடு போட்டுகினு கூட்டத்துல போறா. மூஞ்சி தெரியல. ஆனா புடவை பார்டர்ல, உங்க பழைய புடவைல இருக்கிற அந்தக் கிளி. அடடா, இது நம்ம அண்ணன் கை ஆச்சேன்னு பாத்ததுமே கண்டுகினேன். பின்னாலயே போய் வீட்டப் பாத்துட்டேன்னா பாத்துக்கோங்க."

பாராட்டாகத்தான் சொன்னார். காபியைக் குடித்துவிட்டுப் போனார். அவர் போன பிறகு அப்பா பரணில் ஏறி அந்த அட்டைக் கட்டை எடுத்தார். கொல்லையில் வெந்நீர் அடுப்பில் ஒவ்வொன்றாகப் போட்டார். கெட்டி அட்டை, சீக்கிரம் எரியவில்லை. அம்மா தடுக்கவில்லை. அதற்குப் பிறகு அவள் தண்டல் அண்ணனைச் சபிப்பதையும் விட்டுவிட்டாள், ஆனால் அவரைப் பெயர் சொல்லியோ தம்பி என்றோ கூப்பிடவும் இல்லை.

வருடங்கள் போயின. எனக்குக் கல்யாணம் ஆகி, உள்ளூரிலேயே வாழ்க்கைப்பட்டு, அப்பா தறிக்குத் தினமும் போய் வந்துகொண்டிருந்தேன். அந்தத் தொடரின் மிச்சப் பாகங்களை எங்கிருந்தோ சிடியில் வாங்கி வந்தாள் அக்கா. ஜப்பான் பாஷையும் கீழே இங்கிலீஷ் எழுத்துமாக ஓடும். அதைப் பார்ப்பதற்காகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை சேத்துப்பட்டுக்குப் போனேன். மாமா ஸ்டூலில் காலை நீட்டிக்கொண்டு எங்களோடு உட்கார்ந்தார். குழந்தை அவர் மடியில்.

அதே பாலம். அதே விரல். துப்பாக்கிக்காரன் சுட்டான். பையனின் தோளில் குண்டு பாய்ந்தது, பையன் விழுந்தான், செத்துவிட்டான் என்று நினைத்து எதிரிகள் பாலத்தில் ஏறினார்கள். அடுத்த குண்டைப் பாலத்தின் கயிற்றில் சுட்டான். தலைவனும் ஆட்களும் அவனும் சேர்ந்து பள்ளத்தில் விழுந்தார்கள். விழும்போது துப்பாக்கியில் சுற்றியிருந்த நூலெல்லாம் அவிழ்ந்து காற்றில் பறந்தது. வயலின் வாசித்தார்கள். பையன் எழுந்து உட்கார்ந்து அழுதான்.

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கு எரிச்சலாக இருந்தது. செத்துப்போனால் எல்லாக் கேள்வியும் தீர்ந்துவிடுகிறது. அதே தெருவில் இருந்துகொண்டு, தினமும் அந்த வாசலைத் தாண்டிப் போய் வந்துகொண்டு, மாமனார் வீட்டுக்கு வருகிற மாமாவின் கட்டையாக நீட்டிய காலைப் பொங்கலுக்குப் பொங்கல் பார்த்துக்கொண்டு இருக்கிறவனுக்கு எந்த வயலின் வாசிக்கிறார்கள்?

மாமா சிரித்தார். "இவனாவது கேக்காம சுட்டான்" என்றார்.

"யாரு என்ன கேட்டாங்க?" என்றாள் அக்கா.

மாமா குழந்தையை மடியிலிருந்து இறக்கி, வாசலில் விளையாடப் போகச் சொன்னார். பிறகு சொன்னார். அவர் அன்றுவரை அக்காவிடம்கூடச் சொல்லாத விஷயம். நாட்டாண்மை மகன் வேனின் சீட்டுக்கு அடியிலிருந்து வெட்டுக்கத்தியை எடுத்திருக்கிறான். அப்போது அண்ணன் முன்னால் வந்து, "தண்டல் இருக்கும்போது நீ எதுக்கு, இது என் வேலை" என்று அவனைத் தள்ளிவிட்டிருக்கிறார். கீழே கிடந்த மாமாவின் மேல் குனிந்து சட்டையைப் பிடித்திருக்கிறார். பிடித்தபடியே காதோரமாக, யாருக்கும் கேட்காமல், ஒரே ஒரு வார்த்தை.

"எந்தக் காலு?"

"எனக்கு முதல்ல புரியல. மறுபடியும் கேட்டார், ஜல்தி சொல்லுங்க வாத்தியாரேன்னு. நான் இடதுன்னேன். வலது வேணும்ல, பைக்க ஒதைக்கணும். அந்த நேரத்துல எனக்கு அதுதான் தோணுச்சு, பாரேன்."

மாமா இதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அக்கா எழுந்து அடுப்படிக்குப் போனாள். நான் பின்னால் போனபோது அரிசியைக் களைந்துகொண்டிருந்தாள், களைந்த அரிசியையே மறுபடி மறுபடி களைந்துகொண்டிருந்தாள்.

"அதுக்காக அவர மன்னிச்சிடணுமாடி?" என்று திரும்பாமலே கேட்டாள்.

"நான் சொல்லலியே."

"நீ சொல்லமாட்ட. எனக்குதான் தோணுது. அதான் பயமா இருக்கு."

ஒரு காலத்தில் அவன் நம்ம ஆள்தான் என்று அடித்துச் சொன்னவள் அவள். இப்போது தனக்கே அப்படித் தோன்றிவிடுமோ என்று பயப்படுகிறாள். எனக்கு அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. செய்யவில்லை, அரிசிப் பாத்திரத்தை வாங்கி உலையில் போட்டேன்.

அதற்கு அடுத்த வாரம் அப்பாவுக்குப் பாவு இருந்தது. விடிந்ததும் தெருவில் நீட்டினோம். ஆட்கள் வந்தார்கள், அவரும் வந்தார். தலை கொஞ்சம் நரைத்திருந்தது. கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள். நாட்டாண்மை மாறி மகன் வந்துவிட்டான், கம்பு மட்டும் இவர் கையில்தான் இருந்தது. பாவு வேலைக்கு வரும்போது அதை எங்கள் வாசலில் சாத்தி வைப்பார், கார்ட்டூன் பார்க்க வந்த காலத்தில் சாத்திய அதே இடத்தில்.

கஞ்சி காய்வதற்காகக் கொஞ்சம் நிறுத்தினார்கள். நான் டீ கொண்டு போனேன். மற்றவர்களுக்குக் கொடுத்துவிட்டு அவரிடம் கடைசியாகப் போனேன். அந்த நாளுக்குப் பிறகு அவரிடம் நானாக ஒரு வார்த்தை பேசியதில்லை.

"மாமா சொன்னாரு. எந்தக் காலுன்னு கேட்டியாமே" என்றேன்.

அவர் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு ஆவியைப் பார்த்தார்.

"ஆமா."

"அவரு ஒண்ணுமே சொல்லாம இருந்திருந்தா? என்னை அடிக்காதன்னு கெஞ்சியிருந்தா?"

இந்தக் கேள்வியை அவர் தன்னையே பல தடவை கேட்டிருக்க வேண்டும். பதிலுக்கு அவர் தேடவே இல்லை.

"நானே ஒண்ண எடுத்திருப்பேன்" என்றார்.

டீயை முழுக்கக் குடித்தார். டம்ளரைத் தண்ணீர் விட்டு அலசி, கவிழ்த்து என்னிடம் கொடுத்தார். பிறகு போய்ப் பாவின் முனையைப் பிடித்து இழுத்து நின்றார். இந்த முனையில் நானும் அப்பாவோடு பிடித்துக்கொண்டேன். அவர் பிடித்த பக்கம் பாவு கொஞ்சமும் தொய்யவில்லை.